சூடு காட்டி விற்றவை

கேம் ஆடும்போது திரையில் கட்டம் கட்டமாகப் பச்சையும் ஊதாவும் தெறிக்கிறது என்று யாராவது சிபியுவைத் தூக்கிக்கொண்டு வந்தால், கோளாறு எங்கே என்று கால் மணி நேரத்தில் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் செய்த குற்றத்துக்கு இதுதான் முதல் சாட்சி. 'பாவம், தெரியாமல் செய்துவிட்டான்' என்று எனக்காக யாரும் பரிந்து பேசிவிடக் கூடாது. அதனால்தான் இதை முதலில் எழுதிவைக்கிறேன்.

என் கடை சாக்கோட்டையில். கும்பகோணத்துப் பக்கம் இருக்கும் சாக்கோட்டை அல்ல. காரைக்குடிப் பக்கம், புதுவயலை ஒட்டி, வீரசேகரர் கோவில் இருக்கிறதே, அந்தச் சாக்கோட்டை. (பின்கோடு போடாமல் அனுப்பிய பார்சல்கள் கும்பகோணம் வரை போய்ச் சுற்றிவிட்டு வந்ததுண்டு.) ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆன்லைன் விண்ணப்பம், கம்ப்யூட்டர் சர்வீஸ் எல்லாம் ஒரே அறைக்குள் நடக்கும். பிழைப்பு ஓடுவது ஜெராக்ஸில். பெயர் வாங்கியது கிராபிக்ஸ் கார்டில். மற்ற இடங்களில் "போச்சு, புதுசு போடுங்க" என்று கை விரித்த கார்டை என்னிடம் கொண்டுவருவார்கள். நான் எழுப்பிக் கொடுப்பேன். 'அண்ணன் கைராசி' என்று பையன்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கைராசி எப்படி வந்தது என்பதைத்தான் சொல்லப்போகிறேன்.

கோளாறு பார்க்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். எவ்வளவு தெரிந்துவைத்துக்கொண்டு பொய் சொன்னேன் என்பது அப்போதுதான் விளங்கும்.

ஒரே ஒரு கேமில் மட்டும் திரை சிதைகிறதென்றால் பெரும்பாலும் அந்த கேமின் கோப்பிலோ டிரைவரிலோ பிரச்சினை இருக்கும். டிரைவரை மேலோட்டமாக அழித்தால் மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். டிடியு என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. சேஃப் மோடில் போய் அதை ஓட்டி, பழையதைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடவேண்டும். எல்லா கேமிலும் சிதைகிறதென்றால் சந்தேகம் கார்டின் பக்கம் திரும்பும். பவர் பட்டனைத் தட்டியதும், விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே எழுத்துகள் கோணலும் கோடுமாகத் தெரிந்தால் டிரைவர்மேல் பழிபோட வழியே இல்லை. அந்த நேரத்தில் டிரைவர் உள்ளே வந்திருக்கவே இருக்காது.

அடுத்தது, கடைக்கு வரும் பையன்களுக்கெல்லாம் நானே சொல்லிக்கொடுத்த ஒரு சோதனை. திரையில் பிசிறு தெரியும்போது பிரிண்ட் ஸ்கிரீன் பட்டனை அழுத்து. எடுத்த படத்தை இன்னொரு கம்ப்யூட்டரிலோ செல்போனிலோ திறந்து பார். படத்திலும் பிசிறு இருந்தால் கோளாறு கார்டுக்குள்ளே. படம் சுத்தமாக இருந்தால் கார்டு தப்பித்தது. கேபிள், மானிட்டர், செருகும் பின் இவற்றைப் பார்க்கவேண்டும். காரணம் எளியது. பிரிண்ட் ஸ்கிரீன் படம், கேபிளுக்குள் போவதற்கு முன்பே கார்டின் மெமரியிலிருந்து எடுக்கப்படுகிறது. கேபிளில் கெடுவது அதில் விழாது. செல்போன் கேமராவில் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புவது இதற்கு உதவாது என்று ஒவ்வொரு பையனிடமும் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறேன். இந்தச் சோதனை பின்னால் எனக்கே திரும்பியது.

கார்டுதான் என்று தெரிந்தபிறகு, கார்டில் எது என்று பார்ப்பது. ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைப் போட்டு மெமரியின் வேகத்தைக் கொஞ்சம் இறக்கினால் கட்டங்கள் மறைகின்றனவா? அப்படியானால் மெமரிச் சில்லு பலவீனம். மெமரியைத் தொடாமல் நடுச் சில்லின் வேகத்தை இறக்கினால், காரின் கதவிலிருந்து அடிவானம் வரை இழுபடும் முக்கோணங்கள் நிற்கின்றனவா? அப்படியானால் நடுச் சில்லு. சூடு ஏறினால்தான் வருகிறதா, குளிர்ந்திருக்கும்போதே வருகிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வேகத்தை இறக்கினால் கோளாறு மறைகிறது என்பது நோயைக் கண்டுபிடிக்கும் வழி. அதையே வைத்தியம் என்று விற்றவன் நான்.

ஆனால் ஆரம்பம் அதுவல்ல. ஆரம்பம் ஹீட் கன்.

சென்னை ரிச்சி தெருவில் கொஞ்ச காலம் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பி நான் கடை போட்டது 2010ஐ ஒட்டிய ஆண்டுகளில். அப்போது லேப்டாப்கள் வரிசையாக வந்தன. ஆன் செய்தால் விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், திரை மட்டும் கறுப்பு. அல்லது திரை முழுக்கக் கோடு. மதர்போர்டைக் கழற்றி, கிராபிக்ஸ் சில்லைச் சுற்றி அலுமினியத் தாளை மூடி, சில்லின் ஓரத்தில் ஃப்ளக்ஸ் விட்டு, ஹீட் கன்னை வட்டம் வட்டமாகக் காட்டுவேன். ஃப்ளக்ஸ் கொதித்துப் புகையும். பக்கத்து பிளாஸ்டிக் சாக்கெட் இளக ஆரம்பிக்கும் வாசனை வந்ததும் நிறுத்திவிடுவேன். எனக்குத் தெர்மாமீட்டர் என் மூக்குதான். ஆறவிட்டு மாட்டினால் படம் வந்துவிடும். வாடிக்கையாளர் முகத்தில் வெளிச்சம் வருவதைப் பார்க்கவேண்டுமே! ரீஃப்ளோ என்று பில்லில்லாத ஒரு தொகை வாங்கிக்கொண்டு, 'ஒரு மாச வாரண்டி' என்று சொல்லி அனுப்புவேன்.

ஏன் ஒரு மாதம் என்று யாரும் கேட்டதில்லை. ஒன்றரை மாதம், இரண்டு மாதத்தில் அது மறுபடி படுத்துவிடும் என்று எனக்குத் தெரியும். முதலில் தெரியாது, சில லேப்டாப்கள் திரும்பி வந்ததும் தெரிந்துகொண்டேன். தெரிந்தபிறகு நிறுத்தவில்லை. வாரண்டியைத்தான் மூன்று மாதத்திலிருந்து ஒரு மாதமாகக் குறைத்தேன்.

இந்த இடத்தில் சிக்ரி பெரியவர் ஒருவரைச் சொல்லவேண்டும். காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தை எங்கள் பக்கம் சிக்ரி என்றால்தான் தெரியும். 1948இல் அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து வரவழைத்தது. உலோகம் ஏன் அரிக்கிறது, எப்படி அரிக்காமல் வைப்பது என்று பல தலைமுறையாக ஆராய்கிற இடம். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் தன் பேரனின் லேப்டாப்பைக் கொண்டுவந்தார். நான் ஹீட் கன் காட்டுவதை நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். படம் வந்ததும் மற்றவர்களைப் போல அவர் சிரிக்கவில்லை.

"ஏம்ப்பா, இதுல என்ன சால்டர் போட்டிருக்கான்னு தெரியுமா?"

"சாதாரண லெட்தான் சார்."

"ஈயமும் வெள்ளீயமும் கலந்ததுன்னா 183 டிகிரியில உருகும். 2006ல ஐரோப்பாவுல ஈயம் கூடாதுங்கிற சட்டம் அமலுக்கு வந்தப்புறம் வர்றது 217க்கு மேலதான் உருகும். நீ எத்தனை டிகிரி காட்டின?"

நான் ஹீட் கன்னின் குமிழைப் பார்த்தேன். அதில் ஒன்று, இரண்டு என்றுதான் இருந்தது.

"அப்ப ஒட்டுச்சா ஒட்டலையான்னு உனக்கே தெரியாதுல்ல?"

பணத்தை எண்ணி வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு இரவு உட்கார்ந்து படித்தேன். இதைச் சொல்வதற்குக் காரணம், அதற்குப் பிறகு அறியாமை என்கிற ஒதுங்குமிடமும் எனக்கு இல்லாமல் போனது என்பதுதான்.

படித்தது இதுதான். கிராபிக்ஸ் சில்லில் இரண்டு அடுக்கு ஒட்டு உண்டு. சிலிக்கான் துண்டுக்கும் அதைத் தாங்கும் சின்னப் பச்சைப் பலகைக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய குமிழ்கள் இருக்கும். அந்தப் பலகைக்கும் மதர்போர்டுக்கும் நடுவே கொஞ்சம் பெரிய பந்துகள் இருக்கும். எல்லோரும் பெரிய பந்துதான் விட்டுப்போகிறது என்று நினைப்பார்கள். பெரும்பாலும் விடுவது உள்ளே இருக்கும் குமிழ். கம்ப்யூட்டர் ஓடும்போது சிலிக்கான் ஒரு அளவு விரியும், பலகை வேறொரு அளவு விரியும். அணைத்தால் இரண்டும் சுருங்கும். நூற்றுக்கணக்கான தடவை இப்படி நடந்ததும் நடுவில் இருக்கும் குமிழில் மயிரிழை விரிசல் விடும். ஹீட் கன் காட்டினால் எல்லாம் விரிந்து விரிசலின் இரண்டு முனையும் தற்காலிகமாகத் தொட்டுக்கொள்ளும். ஒட்டவில்லை. வெறுமனே தொட்டுக்கொண்டிருக்கும். பெரிய பந்தைக் கழற்றிப் புதுப்பந்து வைக்கும் ரீபால் செய்தாலும் உள் குமிழ் அப்படியேதான் இருக்கும். சில்லையே மாற்றினால்தான் தீரும்.

உலகமே இதில் அடிபட்டிருக்கிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. எக்ஸ்பாக்ஸ் 360 என்ற கேம் பெட்டியில் சிவப்பு வளையம் எரிந்து பெட்டி செத்துப்போன விவகாரத்தில், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, நூறு கோடி டாலருக்கு மேல் செலவுக் கணக்கு எழுதியது. அந்தப் பெட்டியை ஈரமில்லாத துண்டால் சுற்றிச் சூடேறவிட்டால் உயிர் வரும் என்று அமெரிக்கப் பையன்கள் செய்துபார்த்தார்கள். என் ஹீட் கன்னுக்கு அந்தத் துண்டு அண்ணன் முறை. விரிசல் கிராபிக்ஸ் சில்லுக்குள்ளேதான் இருந்தது என்று அந்தக் கம்பெனிப் பொறியாளரே பல வருடம் கழித்து, 2021இல் வந்த ஆவணப்படத்தில் சொன்னார். 2008 ஜூலையில் என்விடியாவும் தன் லேப்டாப் சில்லுகள் சிலவற்றில் சில்லை ஒட்டும் பொருள் பலவீனம் என்று பங்குதாரர்களுக்கு அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் ஒதுக்கியது. என்னிடம் வந்த லேப்டாப்கள் எந்தக் கம்பெனியுடையவை, எதில் என்ன சில்லு என்ற பேச்சு இங்கே வேண்டாம். பல கம்பெனி, பல காரணம். ஆனால் ஒன்று: அந்தப் பெரிய கம்பெனிகள் குறை இருக்கிறது என்று எழுத்தில் ஒப்புக்கொண்டு பணத்தை எடுத்து வைத்தன. நான் ஒரு மாத வாரண்டி எழுதினேன்.

படித்த மறுநாள் கடையைத் திறந்ததும் ஒரு லேப்டாப் வந்தது. காட்டினேன். இன்னும் கொஞ்ச வருடம் காட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பேச்சு மட்டும் மாறியது: "இதுக்கு மேல தாங்குமான்னு சொல்ல முடியாதுங்க" என்று வாயை மெல்ல அசைத்துச் சொல்வேன். கேட்கிறவருக்குக் கேட்காத மாதிரி, எனக்குச் சொன்ன மாதிரி.

லேப்டாப் காலம் போய் கேம் கம்ப்யூட்டர் காலம் வந்தது. கொரோனா ஊரடங்கில் வீட்டில் அடைந்துகிடந்த பையன்கள் எல்லாரும் கார்டு கேட்டார்கள். அப்போது விலை ஆகாயத்தில் இருந்தது. ஈத்தரியம் என்கிற டிஜிட்டல் நாணயத்துக்காக மைனிங் செய்கிறவர்கள் உலகம் முழுக்கக் கார்டுகளை அள்ளிக்கொண்டிருந்தார்கள். 2022 செப்டம்பர் 15ஆம் தேதி ஈத்தரியம் தன் முறையை மாற்றிக்கொண்டது. மைனிங்குக்குக் கார்டே தேவையில்லை என்று ஆகிவிட்டது. அதுவரை இரவு பகலாக ஓடிய கார்டுகள் மூட்டை மூட்டையாகச் சந்தைக்கு வந்தன.

சென்னையில் ஒரு மொத்த வியாபாரியிடம் நானும் வாங்கினேன். அவர் ஒளிக்கவில்லை. "மைனிங்ல ஓடினது. டெஸ்ட் இல்ல, வாரண்டி இல்ல, ரிட்டர்ன் இல்ல" என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் கொடுத்தார். அதனால் அவர்மேல் போட எனக்கு ஒன்றுமில்லை. வாங்கியவற்றில் அதிகம் 8 ஜிபி மெமரி உள்ள ஆர்எக்ஸ் 580. அந்தக் காலத்தில் மைனிங்காரர்களின் செல்லப்பிள்ளை அது.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். பிரித்த செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தேக்குத் தூண், கதவு, எனாமல் தூக்கு, பீங்கான் சாடி எல்லாம் அடுக்கியிருப்பார்கள். அங்கே பொருளில் ஏறிய வயதுக்குத்தான் விலை. என் கடையின் பின்னறையில் நடந்தது அதற்கு நேர்மாறு. ஃபேனைக் கழற்றிப் பிரஷ் போட்டுக் கழுவுவேன். ஹீட்சிங்கின் இடுக்கில் அப்பியிருக்கும் கரும்பிசுக்கை ஐபிஏ விட்டுத் துடைப்பேன். தெர்மல் பேஸ்டும் பேடும் புதிது. துருப்பிடித்த திருகுகளை மாற்றுவேன். பிராக்கெட்டின் துருவை உப்புத்தாளால் தேய்த்தால் வெள்ளியாக மின்னும். கடைசியில் ஒரு ஆன்டி-ஸ்டாட்டிக் கவர். "ஆபீஸ்ல இருந்ததுங்க, அதிகம் ஓடல" என்று ஒரு வாக்கியம்.

இதில் பாதி நல்ல வேலை. அதைச் சொல்லாவிட்டால் இதுவும் பொய்யாகிவிடும். மைனிங்காரர்கள் கார்டின் பயாஸை, அதாவது கார்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் அடிப்படை நிரலை, மாற்றிவைத்திருப்பார்கள். மெமரி வழக்கத்தைவிட இறுக்கமான நேர அளவில் ஓடும். மைனிங்கில் ஒரு விடை தப்பாக வந்தால் அதைத் தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போய்விடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கேமில் ஒரு எண் தப்பினால் அது பச்சைக் கட்டமாகக் கண்முன்னே நிற்கும். அந்தக் கார்டுகளுக்கு ஒரிஜினல் பயாஸை ஏற்றினாலே பலதும் சுத்தமாகிவிடும். அப்படிச் சுத்தமானவை இன்றைக்கும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி 'ஆபீஸ் கார்டு' என்ற பொய் ஒன்றுதான் என் கணக்கில்.

சிலது ஒரிஜினல் பயாஸிலும் சரியாகவில்லை. எச்டபிள்யூஇன்ஃபோ என்ற மென்பொருளில் மெமரிப் பிழைகளை எண்ணும் ஒரு வரி உண்டு. நல்ல கார்டில் அது பூஜ்யத்தில் நிற்கும். இவற்றில் கேமைத் திறந்ததும் ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறும். 8 ஜிபி 580க்கு மெமரி வேகம் 2000 மெகாஹெர்ட்ஸ். அதை 1700க்கு இறக்கினால் எண்ணிக்கை நின்றுவிடும். விநாடிக்கு 256 ஜிகாபைட் போகவேண்டிய வழியில் சுமார் 218 போகும். கேம் கொஞ்சம் மெதுவாக ஓடும், சட்டென்று யாருக்கும் தெரியாது. "இது மைனிங் கார்டு, ஒரு மெமரிச் சில்லு சோடை, அதனால் 1700இல் வைத்திருக்கிறேன், இரண்டாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லி விற்றிருந்தால் அது யாரும் குறை சொல்ல முடியாத வியாபாரம். வாங்க ஆளும் இருந்திருப்பார்கள். நான் 1700ஐ பயாஸுக்குள்ளேயே எழுதி மூடிவிட்டு, நல்ல கார்டின் விலைக்கே விற்றேன்.

அதில் ஒரு சிக்கல் இருந்தது. பயாஸை மாற்றினால் ஏஎம்டி டிரைவர் கையெழுத்தைச் சரிபார்த்து, கார்டை ஏற்க மறுக்கும். டிரைவரையும் ஒட்டுப்போட்டு ஏமாற்றவேண்டும். விண்டோஸ் தானாக டிரைவரை அப்டேட் செய்தால் ஒட்டு போய்விடும். அதனால் வாங்குகிறவர்களிடம் ஒரு அறிவுரை சொல்வேன்: "டிரைவரை அப்டேட் பண்ணிராதீங்க, புது டிரைவர்ல கேம் சரியா ஓடாது." கேட்டால் அனுபவஸ்தன் சொல்கிற மாதிரியே இருக்கும்.

ஒரு பையனைப் பற்றித்தான் இவ்வளவும். அப்பா புதுவயலில் ரைஸ் மில்லுக்கு லோடு வண்டி ஓட்டுகிறவர். பையன் ப்ளஸ் டூ முடித்தவன். ஜிடிஏ 5 ஆடவேண்டும், பிளெண்டரில் அனிமேஷனும் பழகவேண்டும். அப்பா கார்டைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "எனக்கு இதெல்லாம் தெரியாது தம்பி. நீங்க பாத்துக் குடுத்தாச் சரி" என்றார். மேஜையில் சுத்தமான கார்டும் இருந்தது, 1700 கார்டும் இருந்தது. கேட்கத் தெரிந்த ஆள் யாராவது வந்தால் கொடுக்கலாம் என்று சுத்தமானதை எடுத்துவைத்தேன். நம்பி வந்தவருக்கு மற்றது.

மாசியில் நன்றாக ஓடியது. நடுவில் ஒருநாள் விண்டோஸ் அப்டேட் ஆகி, டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம் வந்துவிட்டது என்று தூக்கிக்கொண்டு வந்தான். பின்னறைக்குக் கொண்டுபோய் ஒட்டுப்போட்டுக் கொடுத்தேன். "சொன்னேன்ல தம்பி, அப்டேட் பண்ணாதன்னு" என்று கடிந்துகொண்டு சர்வீஸ் சார்ஜும் வாங்கினேன்.

சித்திரை வெயில் வந்தது. அவர்கள் வீடு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மதியத்தில் அந்த அறையில் மனுஷன் உட்கார முடியாது, கார்டு உட்கார்ந்திருந்தது. 1700ம் தாங்கவில்லை. போன் செய்தான்: "அண்ணே, கட்டம் கட்டமா வருதுண்ணே." கேபிளாக இருக்கும் என்றேன். புது எச்டிஎம்ஐ கேபிள் ஒன்று விற்றேன்.

நாலைந்து நாள் கழித்துப் பென் டிரைவோடு வந்தான். "நீங்க சொல்லிக்குடுத்த மாதிரி பிரிண்ட் ஸ்கிரீன் எடுத்தேண்ணே. படத்துலயும் இருக்கு. அப்ப கேபிள் இல்லல்ல?"

கடைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். ஜிடிஏவின் கடற்கரை. வானம் முழுக்கச் சின்னப் பச்சைக் கட்டங்கள், தாறுமாறாக இல்லாமல் ஒரே இடைவெளியில், வரிசை பிடித்து. தென்னை மாதிரி ஒரு மரத்தின் ஓலை மட்டும் முக்கோணமாகி, திரையின் குறுக்கே இழுபட்டுக் கடலுக்குள் போயிருந்தது. அந்த ஒரே இடைவெளியைப் பார்த்ததுமே சொல்லலாம்: எட்டு மெமரிச் சில்லில் ஒன்று. எந்தக் கார்டை எந்த நிலையில் விற்றேன் என்பதும் ஞாபகம் வந்தது. பையன் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிக்கொடுத்த பாடத்தைச் சரியாகச் செய்து வந்திருக்கிறான், வாத்தியார் 'சபாஷ்' என்று சொல்லவேண்டும் என்கிற முகம்.

"வீட்ல லைட் டிம் ஆகுதாப்பா?" என்று கேட்டேன்.

ஆகிறது என்றான். பக்கத்தில் மில் மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போதெல்லாம் ஆகும். இது ஊருக்கே தெரிந்த விஷயம். அதனால்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். "அதான். லோ வோல்டேஜ். அதுலதான் கார்டு திணறுது. ஒரு ஸ்டெபிலைசர் போடணும்" என்றேன். கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ், வெளியே 180 வோல்ட் வந்தாலும் 240 வந்தாலும் உள்ளே 12 வோல்ட்டைத்தான் அனுப்பும். வோல்டேஜ் அதற்கும் கீழே போனால் கம்ப்யூட்டர் அணையும், ரீஸ்டார்ட் ஆகும். ஒரே இடைவெளியில் பச்சைக் கட்டம் போடாது. இதெல்லாம் தெரிந்தேதான் சொன்னேன். சாயங்காலம் அவன் அப்பா வந்து ஸ்டெபிலைசர் வாங்கிப்போனார். பாதிப் பணம் அன்றைக்கு, மீதி அடுத்த வாரம். மீதியை ஞாபகமாகக் கொண்டுவந்து கொடுத்தார்.

பையன் அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவை வந்தான். கார்டின் விவரங்களைக் காட்டும் ஜிபியு-ஸெட் மென்பொருளின் திரையைச் செல்போனில் காட்டி, "இதுல மெமரி 1700ன்னு இருக்குண்ணே. 2000 இருக்கணுமாமே?" என்றான். கோபமே இல்லை. "அது வேற வெர்ஷன்ப்பா" என்றேன். "சரிண்ணே" என்றான். என்னிடம் கற்றுக்கொண்ட பையன். அந்த 'சரிண்ணே'யில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாமலில்லை. வீரசேகரர் கோவில் தேரோட்டத்தில் பார்த்தபோது வணக்கம் வைத்தான். கடைப்பக்கம் வரவில்லை.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேனா என்றால், கொடுத்தேன். கார்டுக்கு மட்டும். அவன் அப்பாவை வண்டியில் பார்த்து நிறுத்தி, "அந்தக் கார்டைக் கம்பெனி திரும்ப எடுத்துக்கிறானாம்" என்று சொல்லித்தான் கொடுத்தேன். எந்தக் கம்பெனியும் எதையும் எடுத்துக்கொள்ளவில்லை. அவர் எனக்கு நன்றி சொன்னார். கேபிளுக்கும் ஸ்டெபிலைசருக்கும் கொடுக்கவில்லை. ஸ்டெபிலைசர் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு உதவியாக இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மை வேறு. கார்டு கெட்டுப்போனது என்று சொல்வதில் எனக்குக் கஷ்டமில்லை, கார்டு எல்லாருடையதும் கெடும். ஸ்டெபிலைசருக்குப் பணம் கொடுக்கவேண்டுமென்றால் நான் பொய் சொன்னேன் என்று வாயால் சொல்லவேண்டும்.

காசுக்காகச் செய்தாயா என்று கேட்டால், காசு ஒரு பங்குதான். ஒரு நாள் ஜெராக்ஸில் வருவதைவிட அது பெரிதில்லை. 'போச்சு' என்று சொல்கிற ஆட்களில் ஒருவனாக நான் இருக்க விரும்பவில்லை. கைராசிக்காரன் என்ற பேச்சுக்கு நான் அடிமை. அந்தப் பேச்சைக் காப்பாற்றத்தான் ஹீட் கன்னும் 1700ம்.

ஹீட் கன் இப்போதும் கடையில் இருக்கிறது. ஷ்ரிங்க் டியூப் சுருக்க மட்டும். ரீஃப்ளோ கேட்டு வந்தால் "சில்லு மாத்தினாத்தான் தீரும், அதுக்கு ஆகிற செலவுக்கு வேற வாங்கிரலாம்" என்று சொல்கிறேன். பாதிப் பேர் வேறு கடைக்குப் போய்விடுகிறார்கள். அங்கே யாரோ காட்டுகிறார்கள்.

என்னிடம் 2022 தீபாவளிக்குப் பிறகு ஆர்எக்ஸ் 580 வாங்கியவர்களுக்கு: ஜிபியு-ஸெட் இலவசம், இறக்கித் திறந்து பாருங்கள். ஷேடர் 2304, மெமரி அளவு 8 ஜிபி என்று இருந்து, அதற்குக் கீழே மெமரி வேகம் 2000 இல்லாமல் 1700 என்று காட்டினால் அது என் கைவேலை. கார்டை மட்டும் கழற்றிக் கொண்டுவந்தால் போதும், முழுப் பணமும் தருகிறேன். பில் தேடவேண்டாம். நான் யாருக்கும் பில் கொடுத்ததில்லை. ஸ்டெபிலைசர் வாங்கியவர் கடைக்கு வரவேண்டியதில்லை. ஞாயிற்றுக்கிழமை அவருக்கு லோடு இருக்காது, நானே புதுவயலுக்குப் போகிறேன்.